வேலி ஓரிடம், எல்லை வேறிடம்: டெக்சாஸில் நிலம் வாங்கிப் பழைய வரைபடங்களோடு மல்லுக்கட்டிய கதை

டெக்சாஸில் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கிப் போட வேண்டும் என்ற ஆசை நம்மவர்கள் பலருக்கு இருக்கிறது. ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் வேலை பார்க்கிறவர்கள் வாரக் கடைசியில் மலைப்பகுதிப் பக்கம் போய், ஓடையும் ஓக் மரமுமாக இருக்கிற இடத்தைப் பார்த்ததும் மனசை விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். அதனால் எங்களுக்குப் போனது ஏறக்குறைய 44,000 டாலரும் ஒன்றரை வருஷமும். ஏமாற்றுக்காரர் யாரும் இதில் கிடையாது. நூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் குடியேற்றப் பூமியாக இருந்தபோது ஒருவர் சங்கிலி பிடித்து அளந்த கோடும், இன்று கண்ணுக்குத் தெரிகிற வேலியும் வேறு வேறு இடத்தில் இருந்தன. விஷயம் அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு யாரும் இருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நிலம் லானோ கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). 26 ஏக்கர், ஏக்கர் 13,000 டாலர். வடக்கே ஒரு சின்ன ஓடை, கிழக்கே கம்பி வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய கிணறு. வீடு கட்ட அந்தக் கிணற்றுப் பக்கம்தான் சரியான மேடு. விற்றவர் தன்னிடம் இருந்த 1990-களின் சர்வேயைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லையில் எந்த மாற்றமும் இல்லை என்று உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்தார். இங்கே இது வழக்கமான நடைமுறைதான். பழைய சர்வே இருந்தால் புதிதாகச் செலவு செய்ய வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னார், கடன் கொடுத்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கி, அடுத்த மாதமே வீட்டுக்கு வரைபடம் போடக் கொடுத்துவிட்டோம்.

செப்டிக் தொட்டிக்கு இடம் குறிக்க ஆட்கள் வந்த அன்று பக்கத்து நிலத்துக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் குச்சி நடுகிற இடம் எங்கள் நிலம். இந்த வேலி மாடு தாண்டாமல் இருக்கப் போட்டது, எல்லைக்குப் போட்டதில்லை. எல்லை அதோ அங்கே" என்று வேலிக்கு மேற்கே, நூறு அடிக்கும் அப்பால் எங்கள் பக்கம் கிடந்த ஒரு கல் குவியலைக் காட்டினார். அவர் சொன்ன கோட்டின்படி பார்த்தால் மூன்றேகால் ஏக்கர் அவருடையது. கிணறும் அதற்குள், வீடு கட்ட நினைத்த மேடும் அதற்குள். எனக்குக் காது அடைத்துவிட்டது. திரும்பி வரும் வழியில் காரில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் அப்பாவிடம் சொல்ல மனசு வரவில்லை. நிலம் வாங்கியதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டவர் அவர்.

முதலில் போனது டைட்டில் கம்பெனிக்கு, அதாவது நில உரிமைக்குக் காப்பீடு கொடுத்தவர்களிடம். பிரீமியம் கட்டியிருக்கிறோமே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. பாலிசியில் எதற்கெல்லாம் காப்பீடு இல்லை என்று பட்டியல் போடுகிற ஷெட்யூல் பி-யைத் திறந்து ஒரு பத்தியைக் காட்டினார்கள்: எல்லைக்கோடுகளில் வேறுபாடு, மோதல், பரப்பில் குறைவு, ஆக்கிரமிப்பு, இவை எதற்கும் காப்பீடு இல்லை. டெக்சாஸில் எல்லா பாலிசியிலும் இந்த விலக்கு தானாகவே அச்சாகி வரும். ஆனால் கூடுதல் பணம் கட்டினால் அதைத் திருத்தி, பரப்புக் குறைவு என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம். நாங்கள் வாங்கியபோது அந்தக் கூடுதல் தொகை குடியிருப்புக்கு அடிப்படை பிரீமியத்தில் 5 விழுக்காடு, மற்றவற்றுக்கு 15 விழுக்காடு. எங்கள் கணக்கில் முன்னூறு டாலர் சொச்சம்தான். அப்படி ஒரு வசதி இருக்கிறது என்று க்ளோசிங் வரைக்கும், அதாவது கையெழுத்துப் போட்டு வாங்கி முடிக்கிற வரைக்கும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சர்வேயில் தகராறு இருப்பது தெரிந்தால் கம்பெனி திருத்த மறுக்கலாம். மறுத்தால் அதுவே நமக்கு நல்ல எச்சரிக்கை. நிலம் வாங்கப் போகிறவர்கள் பாலிசி முன்வரைவு கைக்கு வந்த அன்றே, வேண்டாம் என்று பின்வாங்க இடம் தருகிற ஆப்ஷன் காலம் முடிவதற்குள், இதை எழுத்தில் கேளுங்கள்.

டெக்சாஸில் மட்டும் ஏன் இந்தத் தலைவலி அதிகம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதி பெரும்பாலும் 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டம் கட்டமாக அளக்கப்பட்டது: ஆறு மைல் சதுரம், அதற்குள் 640 ஏக்கர் வீதம் 36 துண்டு. டெக்சாஸ் 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது, அதனால் அந்தக் கட்டம் இங்கே வரவேயில்லை. ஸ்பெயின், மெக்சிகோ, கொஞ்ச காலம் தனி நாடாக இருந்த டெக்சாஸ் குடியரசு, பிறகு மாநிலம் என்று ஒவ்வொரு அரசும் தன் வழியில் நிலம் கொடுத்தது. மெக்சிகோ காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு லீக், அதாவது 4,428 ஏக்கர். குடியரசில் 1836 மார்ச் 2-க்கு முன் வந்த குடும்பத்துக்கு ஒரு லீக்கும் ஒரு லேபரும் (லேபர் என்பது லீக்கை விடச் சின்ன நில அளவு). அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு 1,280, அதற்கும் பிறகு 640 என்று குறைந்துகொண்டே போனது. போரில் மூன்று மாதம் இருந்தவனுக்கு 320 ஏக்கர். ரயில் கம்பெனிகளுக்குத் தனிக் கணக்கு. கையில் நிலச் சான்றிதழ் வைத்திருந்தவன் காலியான இடம் பார்த்து, சர்வேயரைக் கூட்டிப் போய், ஓடைக்கும் மலைக்கும் ஏற்ப அளந்துகொண்டான். ஒன்றோடொன்று மோதின துண்டுகளும் உண்டு, நடுவில் யாருக்கும் சேராமல் விட்டுப்போன சந்துகளும் உண்டு. நம் ஊர் எஃப்.எம்.பி (புல வரைபடம்) மாதிரி அரசே அளந்து கல் நட்டு, எண் போட்டுக் கையில் தருகிற படம் இங்கே இல்லை. கவுன்ட்டி வரி அலுவலகத்தின் இணைய வரைபடத்தில் வண்ணக் கோடு தெரியும். அது வரி வசூலுக்குப் போட்டது, எல்லைக்கு ஆகாது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் நிலம் வாங்குகிறார்கள்.

வக்கீலிடம் போவதற்கு முன் நானே தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பழைய வரைபடம் என்று தேடினால் முதலில் வருவது அழகான படங்கள். குடியேற்றத்தை நடத்திய ஸ்டீபன் ஆஸ்டின் தொகுத்து, ஃபிலடெல்ஃபியாவில் டேனர் 1830-ல் வெளியிட்டது. லண்டனில் ஆரோஸ்மித் 1841-ல் வெளியிட்டது. நில அலுவலகப் பதிவுகளிலிருந்து தொகுத்து டி கார்டோவா 1849-ல் வெளியிட்டது. மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆஸ்டினின் படத்தில் காட்டுக் குதிரைக் கூட்டங்கள் திரிகிற இடம்கூட எழுதியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் இங்கே நிலம் கிடைக்கிறது, வாருங்கள் என்று ஆட்களை அழைக்கப் பயன்பட்ட படங்கள். மக்கள் ஏன் வந்தார்கள், எந்த ஆற்றோரமாகப் போனார்கள் என்று தெரிந்துகொள்ள உதவும். வேலி எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் இவற்றிடம் பதில் இல்லை. பல நாள் ராத்திரி இவற்றில் போனது. படம் மாட்டுவதற்கு வாங்குங்கள், எல்லை பார்க்க வாங்காதீர்கள்.

நமக்கு வேண்டிய படம் ஆஸ்டினில் ஜெனரல் லேண்ட் ஆஃபீஸில் இருக்கிறது. எல்லோரும் ஜி.எல்.ஓ என்பார்கள். குடியரசு காலத்தில், 1837-ல் திறந்த அலுவலகம், இன்றும் நடக்கிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்களும் கோட்டுப் படங்களும் அவர்கள் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பாலானவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள். உங்கள் பத்திரத்தில் ஆப்ஸ்ட்ராக்ட் நம்பர் என்று ஒன்று இருக்கும். அரசு முதலில் கொடுத்த ஒவ்வொரு மூலநிலத்துக்கும் போட்ட எண் அது, அதுதான் திறவுகோல். கவுன்ட்டியின் பெயரையும் அந்த எண்ணையும் போட்டால், உங்கள் துண்டு எந்த மூலநிலத்திலிருந்து பிரிந்ததோ அதன் கோப்பு முழுக்கத் திறக்கும். ரயில்ரோடு கமிஷன் (பெயர் அப்படி, பார்ப்பது எண்ணெய், எரிவாயு விவகாரம்) எண்ணெய்க் கிணறுகளுக்காக வைத்திருக்கிற இணைய வரைபடத்திலும் இந்த மூலநிலக் கோடுகளும் எண்களும் தெரியும். பக்கத்து நிலத்தின் எண் தெரியாவிட்டால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. நான் இதை வாங்குவதற்கு முந்தின வாரம் செய்திருக்கலாம், ஆனால் இப்படி ஒன்று இருப்பதே அப்போது காதில் விழவில்லை.

லானோ கவுன்ட்டியின் பழைய வரைபடத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஆற்றின் இரு கரையிலும் மீன் முள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த ஒடுக்கமான துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜெர்மன் பெயர். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது தெரியாமல் எங்கள் கோப்பைப் படித்திருக்க முடியாது. 1842-ல் டெக்சாஸ் குடியரசு ஃபிஷர், மில்லர் என்ற இருவருக்கு லானோ ஆற்றுக்கும் கொலராடோ ஆற்றுக்கும் நடுவே முப்பது லட்சம் ஏக்கருக்கும் மேல் குடியேற்ற உரிமை கொடுத்தது. ஜெர்மனியின் பிரபுக்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த குடியேற்றச் சங்கம் 1844-ல் அந்த உரிமையை, இடத்தைக் கண்ணால் பார்க்காமலேயே வாங்கியது. குடும்பத்துக்கு 640 ஏக்கர், தனி ஆளுக்கு 320 என்று பேச்சு, அதிலும் பாதி சங்கத்துக்கு. கப்பல் கப்பலாக ஆட்கள் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். மெக்சிகோ போருக்கு வண்டிகள் எல்லாம் போய்விட்டதால் நகர வழியில்லாமல் கரையிலேயே நோயில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். நியூ பிரான்ஃபெல்ஸ் 1845-லும் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் 1846-லும் உண்டானது இந்தப் பயணத்தின் இடைத்தங்கலாகத்தான். பேசப்பட்ட நிலமோ பூர்வகுடிகளான காமாஞ்சி மக்களின் வேட்டைக்காடு. சங்கத்தின் சார்பில் மோய்சபாக் அவர்களோடு பேசி, 1847 மே மாதம் ஃப்ரெடெரிக்ஸ்பர்கில் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் சர்வேயர்கள் சங்கிலியோடு நிம்மதியாக உள்ளே போக முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் நிலம் ஒதுக்கப்பட்ட பலர் அங்கே போகவேயில்லை. சான்றிதழை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள்.

எங்கள் நிலமும் அப்படி ஒருவருடைய 320 ஏக்கரிலிருந்து வந்ததுதான். அவர் கையெழுத்துப் போட்டு விற்ற காகிதம் கோப்பில் இருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றையும் அழுத்தி, மெதுவாக எழுதிய கையெழுத்து. அதைத் தாண்டிப் போனால் ஃபீல்டு நோட்ஸ். 1840-களின் கடைசியில் சர்வேயர் நடந்து எழுதியது, பழுப்பு மையில் ஒரே ஒரு பக்கம். வடமேற்கு மூலையில் ஆரம்பிக்கிறார். அங்கிருந்து கிழக்கே 610 வாராவில் (பழைய நீள அளவு, கணக்கு பின்னால் வருகிறது) ஓடையைக் கடக்கிறேன், 950 வாராவில் கல்மேடு, பக்கத்துப் பாறையில் எக்ஸ் குறி, அங்கிருந்து இத்தனை டிகிரியில் இத்தனை வாரா தள்ளி ஒரு போஸ்ட் ஓக் மரம் என்று போகிறது. அடியில் சங்கிலி பிடித்த இரண்டு பேரின் பெயர். சட்டத்தின் கண்ணில் எங்கள் நிலத்தின் எல்லை இந்த ஒற்றைத் தாள்தான். பெரிய கவுன்ட்டி வரைபடம் இந்த மாதிரி ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பார்த்து ஆஸ்டினில் மேசையில் வரைந்தது. அதனால் படத்தில் கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தரையிலும் ஒட்டியிருக்கும் என்று எண்ண வேண்டாம். படம் எந்தக் கோப்பைத் திறப்பது என்று காட்டும், எல்லையைச் சொல்வது ஃபீல்டு நோட்ஸ்தான்.

படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டியது ரொம்ப இல்லை. வாரா என்பது ஸ்பானிய அளவு, டெக்சாஸில் 33⅓ அங்குலம். 36 வாரா சரியாக நூறு அடி, இதை ஞாபகம் வைத்தால் போதும். ஒரு மைலுக்கு 1,900 வாரா சொச்சம். கையெழுத்தில் இதைச் சுருக்கி "வி.ஆர்.எஸ்" (vrs) என்று எழுதியிருப்பார்கள். திசை காந்த முள்ளை வைத்துப் பார்த்தது. காந்த வடக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும், மத்திய டெக்சாஸில் அன்றைக்கும் இன்றைக்கும் பல டிகிரி வித்தியாசம். சர்வேயர் அதைக் கழித்து எழுதினாரா, அப்படியே எழுதினாரா என்று தலைப்பில் பார்க்க வேண்டும். ஆயிரம் வாரா நீளமுள்ள கோட்டில் ஒரு டிகிரி பிசகினால் பதினேழு வாரா, அதாவது ஏறக்குறைய ஐம்பது அடி தள்ளிப் போய்விடும். கைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு பழைய கோட்டை நடந்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இதனால்தான் குழம்பிப் போகிறார்கள். அப்புறம் முக்கியமாக, உங்கள் நிலத்தின் கோப்பை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள எல்லா மூலநிலங்களின் ஃபீல்டு நோட்ஸையும் எடுத்து, தேதி பாருங்கள். எங்கள் பக்கத்து நிலம் 1870-களில் குடியிருந்து உரிமை பெற்ற 160 ஏக்கர். அதன் குறிப்பே "மேற்கே உள்ள நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஆரம்பித்து" என்றுதான் தொடங்குகிறது. மூத்த கோடு எங்களுடையது, அவருடைய நிலம் எங்கள் மூலையைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த ராத்திரிதான் பல வாரத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிட்டது.

ஆனால் மூலை எங்கே? தூரத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. வடமேற்கு மூலையிலிருந்து இன்றைய கருவியில் 950 வாரா அளந்தால் அவர் காட்டிய கல் குவியலில் போய்த்தான் நிற்கிறது. இந்த இடத்தில் நல்ல சர்வேயர் கிடைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில பேர் பழைய கோடு என்றதும் மறுத்துவிட்டார்கள். சிலர் வேலியை அளந்து படம் போட்டுத் தருகிறேன் என்றார்கள், விலையும் குறைவு. எங்களிடம் இருந்த 1990-களின் சர்வே அந்த ரகம்தான். கடைசியில் பக்கத்துக் கவுன்ட்டியிலிருந்து கிடைத்த அம்மா ஒருவர் போனிலேயே முதல் கேள்வியாக, "ஜி.எல்.ஓ கோப்பைப் படித்தீர்களா, ஓடையைக் கடக்கிற தூரம் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். 7,800 டாலர் என்றார், யோசிக்காமல் சரி என்றேன். சர்வேயரைத் தேடும்போது நீங்களும் இதைக் கேளுங்கள்: முதலில் அளந்தவர் நடந்த வழியைத் தேடுவீர்களா, அல்லது வேலியை அளப்பீர்களா? பதிலிலேயே தெரிந்துவிடும்.

அவர் விளக்கியது இது. டெக்சாஸ் நீதிமன்றங்கள் 1860-களிலிருந்தே ஒரு வரிசை வைத்திருக்கின்றன. ஃபீல்டு நோட்ஸில் சொன்னவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் முதல் மதிப்பு ஆறு, ஓடை, மலை போன்ற இயற்கைப் பொருளுக்கு. அடுத்து கல்மேடு, குறியிட்ட மரம், குறியிட்ட கோடு போல மனிதன் வைத்ததற்கு. அதற்குப் பிறகுதான் திசை, அப்புறம் தூரம். ஏக்கர் கணக்கு கடைசி. காரணம் எளிது. சங்கிலி இழுபட்டு நீளும், முள் பிசகும், எண்ணுகிறவன் தப்பாக எண்ணுவான், ஆனால் ஓடையைக் கடந்தேன் என்று எழுதியவன் ஓடையைக் கடந்திருப்பான்.

அவர் அளந்த நாள் நானும் கூடப் போனேன். வடமேற்கு மூலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பழைய பாறைக் குறி இருந்தது. அங்கிருந்து கிழக்கே அளந்தால் ஓடையை 610-ல் கடக்கவில்லை, 622-ல் கடந்தது. ஓடை அந்த இடத்தில் கருங்கல் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, நகர்ந்திருக்க வழியில்லை. அப்படியென்றால் அன்றைய சங்கிலி நூற்றுக்கு இரண்டு நீளம். அந்தக் கணக்கில் 950 என்று எழுதிய மூலை இன்றைய அளவில் 969-ல் இருக்க வேண்டும். பக்கத்துக்காரரின் கல் குவியலிலிருந்து 53 அடி கிழக்கே. அங்கே போனால் முட்புதர். மண்டியிட்டு, இலைச் சருகை ஒதுக்கி, புதைந்து கிடந்த பாறையில் சாம்பல் நிறப் பாசியைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்தார். கோடு ஒன்று தெரிந்தது, குறுக்கே இன்னொன்று. விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். உளி இறங்கிய பள்ளம் விரல் நுனிக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் சரிந்த கற்கள், அவ்வளவும் கைக்கு அடங்குகிற அளவில், யாரோ பொறுக்கி வைத்தவை. மரம் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவர் அந்தப் பாறையைப் பல கோணத்தில் படமெடுத்து, ஆயத்தொலை குறித்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அதற்காக எல்லாம் எங்களுக்கு ஜெயமாகிவிடவில்லை. உண்மையான மூலை வேலிக்கு 65 அடி மேற்கே. கிணறும் மேடும் எங்களுக்கு நின்றன, வேலியை ஒட்டி 1.8 ஏக்கர் போய்விட்டது. 26 ஏக்கருக்குப் பணம் கொடுத்திருந்தோம். பத்து வருஷத்துக்கு மேல் வேலிக்குள் அனுபவித்தால் உரிமை வருமே என்று வக்கீலிடம் கேட்டேன். சட்டம் அப்படி இருக்கிறது, ஆனால் யார் எப்போது போட்டது என்று தெரியாத, மாடு மேய்க்க மட்டும் பயன்பட்ட வேலியை டெக்சாஸ் நீதிமன்றங்கள் சாதாரண வேலி என்று தள்ளிவிடும், இதை நம்பி வழக்குப் போட்டால் போகிற நிலத்தின் விலையை விட அதிகம் ஆகும் என்றார். நேர்மையான வக்கீல். அவருக்கு ஆனது 9,600 டாலர். வீட்டு வரைபடத்தையும் செப்டிக் வடிவமைப்பையும் மாற்ற 3,500. போன நிலத்தின் மதிப்பு 23,400. சர்வேயோடு சேர்த்தால் ஆரம்பத்தில் சொன்ன தொகை வந்துவிடும். வட்டி உயர்ந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பக்கத்துக்காரரிடம் புதிய சர்வேயை வக்கீல் மூலம் அனுப்பியபோது மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு நானே ஜி.எல்.ஓ கோப்புகளின் நகல்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய முன்னோர்கள் அந்தக் கப்பல்களில் ஒன்றில் வந்தவர்கள்தானாம். கொள்ளுத்தாத்தாவின் 160 ஏக்கருக்கான குறிப்பை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எங்கள் மூலையில்தான் அது தொடங்குகிறது என்ற வரியை ரொம்ப நேரம் படித்தார். கல் குவியல் பற்றிக் கேட்டேன். பிற்காலத்தில் யாரோ தூரத்தை மட்டும் அளந்து போட்டிருக்க வேண்டும், சின்ன வயதில் அப்பா காட்டியது, அதைத்தான் நம்பினேன் என்றார். மறுநாள் இருவரும் பாறைக்குப் போய்ப் பார்த்தோம். அங்கேயே கைகுலுக்கினார். மூன்று மாதமும் கடிதத்தில் நடக்காதது ஒரு பிற்பகலில் நடந்தது. தகராறு வந்தால் முதல் கடிதத்தை வக்கீல் எழுதுவதற்கு முன், பழைய காகிதங்களை எடுத்துக்கொண்டு நீங்களே போய் உட்காருங்கள். இரண்டு பக்கமும் அதே கோப்பைப் படித்தால் பேச ஒரு பொது இடம் கிடைக்கிறது.

இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. 53 அடிக்காக நானும் அவரும் இத்தனை பாடுபட்டோம். அந்தச் சங்கிலி வருவதற்கு முன் அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்களின் பெயர் எங்கள் கோப்பில் ஒரு இடத்திலும் இல்லை. வரைபடத்தில் அவர்கள் நாடு காலி வெள்ளையாக இருக்கிறது, அடுத்த பதிப்பில் அந்த வெள்ளையில் எண்கள் நிரம்பிவிடுகின்றன. நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய உரிமையின் ஆரம்பம் அதுதான் என்று தெரிந்தே இப்போது அங்கே இருக்கிறோம்.

முடிப்பதற்கு முன் இன்னும் சில. உடன்பாடு ஆனதும் எல்லை ஒப்பந்தம் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, சர்வே படத்தையும் சேர்த்துக் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்தோம். கடன் கொடுத்தவர்களின் சம்மதமும் வேண்டும், அதற்கு இரண்டு மாதம் ஆனது. வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்து விற்கும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் நிலத்தில் ஆறோ பெரிய ஓடையோ இருந்தால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: சராசரியாக 30 அடி அகலமிருக்கிற நீரோட்டத்தின் படுகை டெக்சாஸில் பொதுவாக மாநிலத்துக்குச் சொந்தம், பத்திரத்தில் அதைக் கடந்து எழுதியிருந்தாலும் கவனம் தேவை. வேலி எந்தக் காலத்தது என்று தெரிய வேண்டுமென்றால் 1930-களிலிருந்து விவசாயத் துறை எடுத்த வான்படங்களும், புவியியல் ஆய்வுத் துறையின் பழைய நில அமைப்பு வரைபடங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. வேறு மாநிலத்தில் வாங்குகிறவர்கள் ஜி.எல்.ஓ-வில் தேட வேண்டாம், கட்டம் போட்ட மாநிலங்களின் முதல் சர்வே படங்களும் குறிப்புகளும் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் பதிவுத் தளத்தில் இருக்கின்றன. பழைய கையெழுத்து புரியவில்லை என்றால் முதலில் எண்களை மட்டும் படித்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஓடை, மரம், கல்மேடு என்று திரும்பத் திரும்ப வரும் சொற்கள் தானாகப் பிடிபடும். எனக்கு முதல் பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது, பக்கத்து நிலத்தின் குறிப்பை ஒரு மணி நேரத்தில் படித்துவிட்டேன்.